பட்டன் மேல் இருந்த விரல்

போன மாசியில் ஒரு சாயங்காலம், ஈரோட்டில் ஒரு பேக்கரி வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தோம். என் வீட்டு மாடியில் நடக்கிற வேலையைப் பற்றிப் பேச்சு வந்தது. நண்பர் கேட்டார்: "பழைய ரேடியோப் பேச்சையெல்லாமா உக்காந்து சேத்து வெக்கறீங்க? அது பூராவும் கவர்மெண்ட்டு ஊதுகுழலுங்க. அழிஞ்சு போனா யாருக்கு என்ன நட்டம்?" அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. அரசியலை ஊன்றிக் கவனிக்கிறவர், நான் மதிக்கிறவர். எனக்குப் பதில் வரவில்லை. கிளாஸை வைத்துவிட்டுச் சென்னிமலை பஸ் ஏறினேன். பஸ்ஸிலும் கேள்வி கூடவே வந்தது. மறுநாள் திருப்பூரில் கம்பெனிக் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும் அதேதான். 186 கேசட்டுகளை ஒன்றொன்றாக ஓடவிட்டுக் கணினியில் ஏற்றிக்கொண்டிருப்பவன், எதற்காக என்ற கேள்விக்கு இரண்டு வாக்கியம் தயாராக வைத்திருக்க வேண்டாமா? என்னிடம் இல்லை. பழசு மேல் இருக்கிற பிரியம் என்று சொல்லலாம். அது பதில் ஆகாது.

அவர் சொன்னதில் பாதி எனக்கும் தெரிந்த உண்மை. 1975 ஜூன் 26 காலையில் நெருக்கடி நிலையை நாட்டுக்கு அறிவித்த குரல் வானொலியில்தான் வந்தது. அதற்குப் பிறகான 21 மாதத்தில் 'ஆல் இந்திரா ரேடியோ' என்று ஜனங்கள் பெயர் வைத்தது சும்மா இல்லை. 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி இறந்துவிட்டார் என்பதை பிபிசி சொல்லிப் பல மணி நேரம் ஆன பிறகே நம் வானொலி வாய் திறந்தது. பேச்சு நிகழ்ச்சிக்கும் கட்டுகள் இருந்தன. பேசப் போகிறவர் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், நிலையத்தில் படித்துப் பார்த்துத்தான் பதிவுக்கு விடுவார்கள். நட்பு நாட்டைக் குறை சொல்லாதே, கட்சியைப் பெயர் சொல்லித் தாக்காதே என்று ஒலிபரப்பு விதிமுறை இருந்தது. தேர்தல் நேரத்தில் கட்சிகள் வானொலியில் வந்து பேச வழி பிறந்ததே 1977இல்தான். இத்தனையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தனியார் எஃப்.எம். வந்து இத்தனை வருடம் ஆகியும் சொந்தமாகச் செய்தி சேகரித்துச் சொல்ல அதற்கு அனுமதி கிடையாது. ஆக, நம் பக்கத்தில் அரசியலும் விவசாயமும் ஊர் வழக்கமும் வானொலியில் பேசப்பட்டது என்றால் பெரும்பாலும் அந்த ஒரே கூரைக்கு அடியில்தான். 1939இல் தொடங்கிய திருச்சி நிலையத்தை எங்கள் அப்பாரு காலத்தில் கேட்டார்கள், 1966க்குப் பிறகு கோவை வந்தது. அதையும் ஊதுகுழல் என்று ஒதுக்கிவிட்டால், 50 வருடம் இந்த ஊர் சனம் காதால் கேட்டதற்குச் சாட்சியே இல்லாமல் போகும்.

பெரியவர்களின் குரல் நிலைத்துவிடும், அதற்கு இடம் உண்டு. 1947 நவம்பர் 12 அன்று காந்தி டில்லி நிலையத்துக்கு வந்து, குருச்சேத்திர முகாமில் இருந்த அகதிகளுக்காகப் பேசினார். அவர் ஒலிபரப்பு நிலையத்துக்குள் வந்தது அந்த ஒரு தடவைதான். அந்தப் பதிவு இன்றும் இருக்கிறது, அந்த நாளைப் பொதுச்சேவை ஒலிபரப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். மஞ்சளுக்கு இலைக்கருகல் வந்தால் என்ன செய்வது என்று சொன்னவருக்கும், மாரியம்மன் நோன்புக்குக் கம்பம் நடுகிற வழக்கத்தைச் சொன்ன பாட்டிக்கும் அப்படி ஒரு நாள் கிடையாது. காந்த நாடாச் சுருள் விலை உயர்ந்த பொருள். ஒலிபரப்பு முடிந்ததும் அழித்து, அதன் மேலேயே அடுத்ததைப் பதிவது உலகத்தில் பல வானொலிகளிலும் இருந்த வழக்கம். யாரையும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த அழிப்பில் தப்பியவை எங்கே இருக்கும் என்றால், கேட்டவர்களின் வீட்டில் இருக்கும்.

நூல் கட்டிய கேசட்டுகள்

எங்கள் ஊரில் அவரைப் பிட்டர் மாமா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். சென்னிமலையைச் சுற்றிப் பெட்ஷீட்டும் துண்டும் ஓடுகிற தறிக்குடோன்களில் தறி நின்றால் அவரைத்தான் தேடுவார்கள். பேச்சுக் கேட்பதில் அவருக்கு அப்படி ஒரு ஆசை. ஆனால் தறி ஓடுகிற இடத்தில் பேச்சுக் கேட்க முடியாது. பாட்டு என்றால் பரவாயில்லை, தெரிந்த பாட்டாக இருந்தால் தறியில் நாடா அடிக்கிற சத்தத்துக்கு நடுவிலும் விட்டுப்போன வரியை மனசு நிரப்பிக்கொள்ளும். பேச்சில் ஒரு வார்த்தை விட்டால் விட்டதுதான். குடோனில் கரண்ட் போனால் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். மாமா மட்டும் ஆணியில் தொங்குகிற டிரான்சிஸ்டரை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். அந்த நிசப்தத்தில் அரைப் பேச்சு கிடைக்கும். கரண்ட் வந்ததும் அதுவும் போய்விடும்.

1983இல் அத்தையின் தம்பி சிங்கப்பூரிலிருந்து ஒரு டூ இன் ஒன் செட்டு கொண்டுவந்து கொடுத்தார். அந்த ஆடியில்தான் கொழும்பில் கலவரம். ராத்திரி 9.15க்கு பிபிசி தமிழோசையில் என்ன சொல்கிறார்கள் என்று ஊரே காதை வைத்துக்கொண்டிருந்த நேரம். மாமாவுக்கு நைட் ஷிப்ட். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ரேடியோ டயலில் எந்த இடத்தில் எந்த நிலையம் வரும் என்று நகப்பாலிஷால் புள்ளி வைத்தார். 'இந்தப் புள்ளிக்கு முள்ளைக் கொண்டு வா, செகப்பு பட்டனையும் அதுக்குப் பக்கத்துப் பட்டனையும் ஒண்ணா அழுத்து' என்று அத்தையிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். அத்தை தறிக்குத் தார்நூல் சுற்றுகிற ராட்டையைத் தள்ளி வைத்துவிட்டு, புள்ளிக்கு முள்ளைக் கொண்டுவந்து, இரண்டு பட்டனையும் அழுத்தினார். அப்படி ஆரம்பித்தது 1999 வரை ஓடியிருக்கிறது. தமிழோசை மட்டும் இல்லை. உள்ளூர் நிலையத்து விவசாய நிகழ்ச்சி, மகளிர் நிகழ்ச்சி, இலக்கியப் பேச்சு, தேர்தல் பேச்சு என்று வாரத்துக்கு நாலைந்து.

அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கேசட்டின் மேல் எழுதி வைக்க முடியாதவர், நூல் கட்டி வைத்தார். தறிக்குடோனில் சாய நூலுக்கு என்ன பஞ்சம்? அரசியல் பேச்சு என்றால் சிவப்பு நூல், விவசாயம் என்றால் பச்சை, கோயில் குளம், கதை, பாட்டுப் பற்றிய பேச்சு என்றால் மஞ்சள். தமிழோசைக்கு நீலம். தலைவர்கள் இறந்த நாள்களின் கேசட்டுக்கு வெள்ளை நூல்: 1984 அக்டோபர் கடைசி, 1987 டிசம்பர் 24இல் எம்.ஜி.ஆர். இறந்தது, 1991 மே. வெள்ளை நூல் கேசட்டை ஓடவிட்டால் முதலில் வருவது பேச்சு இல்லை, நாள் முழுக்க வாசித்த அந்தச் சோக வீணை. அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரி மாடிக்கே ஏறி வந்து 'யாருக்கு என்னாச்சுங்க?' என்று கேட்டாள்.

மாமா 2011இல் காலமானார். அத்தை கேசட்டுகளைத் தகரப் பெட்டியில் போட்டு, உள்ளே வசம்பு போட்டு, கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். வீட்டை இடித்துக் கட்டுகிறபோது மகன் தூக்கிப் போடப் போயிருக்கிறான். அத்தை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "நீதான் சின்னதுலயே ரேடியோ ரேடியோன்னு சுத்துவே. கொண்டுபோ கண்ணு."

உக்கடத்தில் பழைய சாமான் கடையில் ஒரு டெக் வாங்கினேன். பெல்ட் இளகிப் போயிருந்தது, மாற்றினேன். கேசட்டுகளில் வாயில் இருக்கிற சின்னப் பஞ்சுத் துண்டு நாற்பது ஐம்பதில் உதிர்ந்திருந்தது. அது இல்லாவிட்டால் ரிப்பன் ஹெட்டில் படியாது, குரல் தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல் கேட்கும். வேறு கேசட்டில் இருந்து பிடுங்கி ஒட்ட வேண்டும். சிலதில் ரிப்பன் ஓரத்தில் வெள்ளையாகப் பூசணம். ஒவ்வொரு கேசட்டுக்கும் ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். இதில் அவசரம் என்பது கிடையாது. 90 நிமிடக் கேசட் 90 நிமிடம் ஓடித்தான் தீரும். ஓடுகிறபோது நான் கூடவே உட்கார்ந்து கேட்கிறேன். அதனால்தான் இந்தப் பெட்டியைப் பற்றி எனக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறது.

மீடியம் வேவில் பிடித்த பேச்சுகளில் ஊரும் சேர்ந்து பதிவாகியிருக்கிறது. பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று 'டப்' என்று ஒரு வெடிப்பு, உடனே பக்கத்தில் இன்னொன்று, தூரத்தில் ஒன்று. முதலில் ரிப்பன் கோளாறு என்று நினைத்தேன். பிறகு புரிந்தது. த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் தோட்டங்களில் மோட்டார் ஸ்டார்ட்டர்கள் விழுகிற சத்தம் அது, வானொலி அலையில் ஏறியிருக்கிறது. 1970இல் மின் கட்டண உயர்வை எதிர்த்துப் பெருமாநல்லூரில் போராடியவர்கள் துப்பாக்கிச் சூட்டில் செத்த மண்ணில், விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடு மாட்டு வண்டிகளைக் கோவைக்குள் ஓட்டிக்கொண்டு போன மண்ணில், கரண்ட் எப்போது வரும் என்று காத்திருந்த சம்சாரிகள், அதாவது விவசாயிகள், ஸ்டார்ட்டரை அமுக்கிய நேரம் கேசட்டில் இருக்கிறது. பேசுகிறவர் திருக்குறள் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

ரெண்டு நிமிசம்

ஒரு விஷயம் ஆரம்பத்தில் இருந்தே உறுத்திக்கொண்டிருந்தது. பாதிக்குப் பாதி பேச்சுகள் முழுதாக இல்லை. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் ஓடும், 'கிளிக்' என்று நிற்கும். அடுத்து வேறு நாளின் வேறு பேச்சு. கரண்ட் போயிருக்கும், குழந்தை அழுதிருக்கும், அடுப்பில் பால் பொங்கியிருக்கும் என்று நானாக ஒரு காரணம் வைத்துக்கொண்டேன். கணினியில் கோப்புகளுக்குப் பெயர் வைக்கிறபோது மேலே பிட்டர் மாமாவின் பெயரைப் போட்டிருந்தேன். சேர்த்தது அவர், அத்தை பட்டன் அழுத்தினவர் என்பதுதான் என் மனசில் இருந்த கணக்கு.

போன சித்திரையில் மஞ்சள் நூல் கேசட் ஒன்றில் என் குரல் வந்தது. 1994, எனக்கு 20 வயது. இளைய பாரதம் நிகழ்ச்சிக்குப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பின்னலாடை ஏற்றுமதியும் இளைஞர் வேலைவாய்ப்பும் என்பதுதான் தலைப்பு. எழுதிக் கொடுத்து, திருத்தி வாங்கி, தாள்களில் குத்தியிருந்த பின்னை எடுக்கச் சொல்லி, ஒவ்வொரு தாளையும் சத்தம் இல்லாமல் பக்கத்தில் நகர்த்தி வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது இன்றும் நினைவிருக்கிறது. சிவப்பு விளக்கு எரிந்தது. எட்டு நிமிடம் பேசினேன். வீட்டுக்குச் செக் வந்தது, அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். ஊரில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். பிட்டர் மாமா மறுநாள் என்னைப் பார்த்து 'கேட்டேன் கண்ணு, நல்லா இருந்துச்சு' என்றார். 30 வருடமாக அந்த வார்த்தையை வைத்திருந்தேன். கேசட்டில் 1 நிமிடம் 50 நொடி இருந்தது. அப்புறம் 'கிளிக்'.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கத்தை, பாதிப் பேச்சு நடுவாலயே நின்னு போகுதுங்களே, கரண்டுங்களா?"

"கரண்டு எங்க போச்சு? நாந்தான் நிறுத்திப்போட்டேன்."

"ஏனுங்க?"

"கேசட்டு இருவத்தஞ்சு ரூவா கண்ணு. எல்லாத்தையும் புடிச்சு வெக்கறதுக்கு நம்மகிட்ட என்ன மில்லா ஓடுச்சு?"

"எதை நிறுத்தறது, எதை வெக்கறதுன்னு மாமா சொல்லுவாங்களா?"

"உங்க மாமன் குடோன்ல இருப்பாரு. அவருக்கு எப்படித் தெரியும்? பேசறாங்களா, படிக்கறாங்களான்னு ரெண்டு நிமிசத்துல தெரிஞ்சு போயிரும். பேசுனா உட்டுருவேன். படிச்சா நிறுத்திப்போடுவேன்."

கொஞ்ச நேரம் கழித்து என் கேசட்டைச் சொன்னேன். அத்தை உரிக்கிறதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீ படிச்சே கண்ணு" என்றார். குரலில் வருத்தம் இல்லை, சமாதானமும் இல்லை. தெரிந்ததைச் சொன்னார்.

அந்த வாக்கியத்தோடு வீட்டுக்கு வந்து அந்த 1 நிமிடம் 50 நொடியை மறுபடி போட்டுக் கேட்டேன். அத்தை சொன்னது சரி. என் குரலில் எங்கள் ஊர் இல்லை. ஒரு 'ங்க' இல்லை. புள்ளிவிவரம், அந்நியச் செலாவணி, வளர்ச்சி விகிதம். எழுதியதில் ஒன்றுகூடத் தப்பு இல்லை, ஆனால் அங்கே ஆள் யாரும் இல்லை. அதற்குப் பிறகு அவர் முழுதாக விட்ட பேச்சுகளை மட்டும் தனியாக எடுத்து, வரிசையாகக் கேட்டேன். ஒரு மருத்துவச்சி. சந்தையில் மாட்டுத் தரகு பார்த்தவர், துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதைச் சொல்கிறார். பவானி ஜமக்காளம் நெய்கிறவர். ஒரு தமிழாசிரியர், அவரும் எழுதி வைத்துத்தான் பேசுகிறார், ஆனால் எதிரில் ஒரு பையன் உட்கார்ந்திருப்பதுபோல் பேசுகிறார். சிவப்பு நூலில், 1989 சட்டமன்றத் தேர்தல் நான்கு முனையாக நடந்தபோது கட்சிக்காரர்கள் பேசியதை அத்தை அநேகமாக எல்லாவற்றையும் இரண்டு நிமிடத்தில் நறுக்கியிருக்கிறார். மேடையில் இடி முழக்கமாகப் பேசுகிறவர்கள் மைக்குக்கு முன்னால் தாளைப் பிடித்ததும் பள்ளிப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டார்கள். நண்பர் ஊதுகுழல் என்று சொன்னாரே, அதை 40 வருடத்துக்கு முன்னாலேயே அத்தை ஒரு கை பார்த்திருக்கிறார். ஊதினால் நிறுத்தினார்.

பருப்பு வேகாத தண்ணீர்

பச்சை நூல் கேசட் ஒன்று. 1997 என்று நினைக்கிறேன், அதே பக்கத்தில் சுதந்திரப் பொன்விழா பற்றி ஓர் அறிவிப்பு வருகிறது. நொய்யல் ஆற்றங்கரையில் இருந்து ஒரு சம்சாரி பேசுகிறார். நிகழ்ச்சி மண்வளம் பற்றியது. 'நிலத்தடி நீரின் தன்மை மாறியுள்ளமையால் பயிர்களின் விளைச்சல் வெகுவாகப் பாதிக்கப்படுகிறது' என்று படிக்கிறார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் தாள் நகர்கிற சத்தம் கேட்கிறது. இரண்டரை நிமிடம் இப்படியே போகிறது. ஒரு தாள் நகர்கிறது. அடுத்த வாக்கியம் வரவில்லை. மூச்சு மட்டும் கேட்கிறது, மூன்று நான்கு நொடி. பிறகு வேறு ஒருவர் பேசுவதுபோல் ஒரு குரல்: "கெணத்துத் தண்ணியில பருப்பு வேகறதில்லீங்க." அப்புறம் அவர் தாளைப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒரம்பரை, அதாவது விருந்தாளி, வந்தால் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுக்கக் கூசுகிறது என்கிறார். மாடு தொட்டியில் வாய் வைத்துவிட்டு எடுத்துக்கொள்கிறது என்கிறார். தென்னங்குருத்து எப்படிக் கருகுகிறது என்று, அடியில் இருந்து உச்சி வரைக்கும் கையால் காட்டுகிறவர் மாதிரிச் சொல்கிறார். ஆறு நிமிடம்.

இந்தக் கேசட்டைப் பற்றி அத்தையிடம் கேட்டபோது அவருக்கு உடனே தெரிந்தது. "இவரு படிச்சுட்டே வந்தாரு. சரி, நிறுத்தலாம்னு பட்டன் மேல வெரல வெச்சுட்டேன். வெச்சுட்டே இருக்கறேன், அப்பத்தான் பருப்பு வேகறதில்லீங்கன்னாரு. கைய எடுத்துட்டேன் கண்ணு. என்ர அம்மா ஊடு ஆத்தோரம். அங்க போனா நானு இங்கிருந்து ஒரு கொடம் தண்ணி கொண்டு போவேன், பருப்பு வேக வெக்க." விரலை எடுத்ததை அவர் எனக்குக் காட்டினார். வலது கை ஆட்காட்டி விரல், தார் சுற்றிச் சுற்றி நகத்துக்குக் கீழே காய்த்துப்போனது. அதை அவரைக்காய்த் தொலி மேல் வைத்து, அப்படியே மெல்லத் தூக்கினார்.

நொய்யலின் கதை இங்கே யாருக்கும் புதிது இல்லை. ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992இல் முடிந்தது, திருப்பூர்ச் சாயக்கழிவு அதில் தேங்கியது, கடைசியில் அணையையே திறந்துவிடச் சொன்னார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அந்த வழக்குக் காகிதங்களில் தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு இருக்கும். எனக்கு அந்த அளவுகள் தெரியும், திருப்பூரில்தான் எனக்குச் சம்பளம், கணக்கில் அந்த எண்களை நானே பார்த்திருக்கிறேன். 1994இல் ஏற்றுமதியின் பெருமையை வானொலியில் படித்தவனும் நான்தான். அந்தச் சம்சாரி எழுதிக் கொடுத்த தாள் ஏதாவது கோப்பில் இருந்தால், அதில் 'நிலத்தடி நீரின் தன்மை' என்றுதான் இருக்கும். அதிகாரி திருத்திக் கையெழுத்துப் போட்ட தாள் அது. பருப்பு அதில் இருக்காது. அது சத்தத்தில் மட்டும்தான் இருக்கிறது, தாள் நின்ற இடத்துக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் இருக்கிற அந்த மூச்சில் இருக்கிறது. கட்டுப்பாடு இருந்தது, விதிமுறை இருந்தது, முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார், அவ்வளவும் தாண்டி அந்த வாக்கியம் எங்கள் வீடுகளுக்குள் வந்தது. நிலையத்தில் பதிவு செய்தவரும் அதை வெட்டவில்லை. அந்த முகம் தெரியாத ஆளுக்கும் ஒரு விரல் இருந்திருக்கிறது, அவரும் கையை எடுத்திருக்கிறார். நண்பருக்கு நான் சொல்ல வேண்டியிருந்த பதில் இதுதான். ஊதுகுழலாக இருந்த ஒன்றில் எங்கே ஆள் குரல் நுழைந்தது என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் பேச்சை எழுதி வைத்தால் போதாது, சத்தமாகவே வைத்திருக்க வேண்டும்.

சிகாகோவில் இருக்கிற என் அக்கா பையன் இந்த வேலையைப் பற்றித் தெரிந்துகொண்டு ஓர் இணைப்பு அனுப்பினான். ஸ்டட்ஸ் டெர்க்கெல் என்று ஒருவர் அந்த ஊர் வானொலியில் 1952 முதல் 1997 வரை, 45 வருடம் ஆட்களைப் பேச வைத்திருக்கிறார். 5,600 நிகழ்ச்சிகள் அளவுக்குக் காப்பாற்றி வைத்து, 2018 முதல் இணையத்தில் கொண்டுவந்திருக்கிறார்கள். எழுத்தாளர், பாடகர் மட்டும் இல்லை, தெருவில் போகிறவரும் உண்டு. 1963இல் வாஷிங்டன் பேரணிக்கு ரயிலில் போனவர்களிடம் போய் உட்கார்ந்து பதிவு செய்திருக்கிறார். திருப்பூர் பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். ரயில் ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் ஒருவர் தன் வாழ்நாளைச் சொல்கிறார், அவசரமே இல்லை. அங்கே யாரும் படிக்கவில்லை. அத்தை கேட்டிருந்தால் ஒன்றைக்கூட நிறுத்தியிருக்க மாட்டார். எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைக்கவில்லை. ஒரு ஊர் தன் பேச்சை இப்படிச் சேர்த்து வைக்கலாம், அதற்கு நூலகம் கட்டலாம், பள்ளிப் பிள்ளை வந்து கேட்கலாம் என்பது நடக்கிற காரியம் என்று தெரிந்துவிட்ட பிறகு தகரப் பெட்டியையும் வசம்பையும் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. நம் அரசு ஒலிபரப்பும் பழைய பதிவுகளை யூடியூபில் ஏற்றி வருகிறது, நல்ல காரியம். அந்த வரிசையில் மாவட்டத்து விவசாய நிகழ்ச்சிக்கும் மகளிர் நிகழ்ச்சிக்கும் இடம் வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் எஞ்சியிருக்கிற சுருள்களை எண்ணி ஒரு பட்டியல் போட்டால்கூடப் பாதி வேலை முடிந்த மாதிரி.

'ஏன் நீங்களே இணையத்தில் போடக் கூடாது?' என்று கேட்கிறார்கள். ஒலிபரப்புக்குச் சட்டப்படி 25 வருட உரிமை, அது இந்தக் கேசட்டுகளில் அநேகமாக முடிந்துவிட்டது. ஆனால் எழுதிப் பேசியவரின் உரிமை அவர் காலத்துக்குப் பிறகும் 60 வருடம் நிற்கும். அந்த நொய்யல் சம்சாரியின் பெயரை அறிவிப்பாளர் சொன்ன இடத்தில் ஒரு ஸ்டார்ட்டர் விழுந்திருக்கிறது, ஊர்ப் பெயர் பாதிதான் கேட்கிறது. ஆற்றோரம் இரண்டு ஊர்களில் விசாரித்துவிட்டேன். இன்னும் விசாரிப்பேன். அவர் வீட்டாரிடம் கேட்காமல் போட மாட்டேன்.

கோப்புகளின் மேல் இருந்த மாமாவின் பெயருக்கு முன்னால் இப்போது அத்தையின் பெயரைச் சேர்த்திருக்கிறேன். நூல்களை அவிழ்க்கவில்லை. அவற்றையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

வைகாசியில் அத்தையைப் பார்க்கப் போனபோது அவராகவே ஒன்று கேட்டார். மகளிர் நிகழ்ச்சியில் ஒரு அம்மா ஒப்பாரியைப் பற்றிப் பேசியிருக்கிறார். புத்தகத்தைப் படிப்பது மாதிரி இருந்ததாம், அத்தை நிறுத்திவிட்டார். மறுநாள் குழாயடியில் பொம்பளைகள் சொல்லியிருக்கிறார்கள், கடைசியில் அந்த அம்மா எங்கள் பக்கத்து ஒப்பாரி ஒன்றைப் பாடினார் என்று. "என்ர அம்மா பாடுவாளே, அதேதானாமா. எல்லாரும் அழுதாங்களாமா. நானு பொறுமை கெட்டுப் போயி அமுத்திப்போட்டேன். உங்க மாமங்கிட்டக்கூடச் சொல்லுல." அது எந்தக் கேசட், என்ன நூல் என்று கேட்டேன்.

"அதுக்கு நூலே கட்டுல கண்ணு."

நூல் இல்லாத கேசட்டுகள் பெட்டியில் ஆறு இருந்தன. நான்காவதில் கிடைத்தது. ஒரு பெண்குரல், நிதானமாக, ஒப்பாரியின் வகைகளைச் சொல்லிக்கொண்டு போகிறது. கணவனுக்குப் பாடுவது, தாய்க்குப் பாடுவது என்று சொல்லி, தாய்க்குப் பாடுவதில், என்று அடுத்த வாக்கியத்தைத் தொடங்குகிறது. 2 நிமிடம் 40 நொடி. அதன் பிறகு 'கிளிக்', மஞ்சள் விலை நிலவரம். அந்த நிகழ்ச்சியை அந்த நாளில் வேறு யாராவது எங்காவது பிடித்து வைத்திருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். 1992 அல்லது 93, பின்பனிக்காலம், மத்தியான நேரத்து ஒலிபரப்பு. அத்தைக்கு இந்தப் புரட்டாசியில் 81 முடிகிறது.